பதிமூன்றாவது படி

ரெங்கராஜ் கொத்தனாருக்குப் படிக்கட்டு என்றால் உயிர். சுவரை எவன் வேண்டுமானாலும் எழுப்பிவிடுவான், படி கட்டத்தான் கை வேண்டும் என்பது அவர் கட்சி. அரியலூர்ப் பக்கத்திலிருந்து முப்பத்தோரு வயதில் துபாய்க்கு வந்தார். இப்போது ஐம்பத்து மூன்று. இத்தனை வருஷத்தில் அவர் கட்டின படிக்கட்டு ஒன்றுகூட இரட்டைப்படையில் முடிந்ததில்லை. வரைபடத்தில் பன்னிரண்டு, பதினான்கு என்று இருந்தால், காலில் விழாத குறையாக என்ஜினியரிடம் கெஞ்சி ஒன்றைக் கூட்டியோ குறைத்தோ மாற்றிவிடுவார்.

கணக்கு நமக்குத் தெரிந்ததுதானே. முதல் படி லாபம், இரண்டாவது நஷ்டம், மூன்றாவது லாபம். இப்படியே எண்ணிக்கொண்டு போனால் கடைசிப் படி லாபத்தில் முடிய வேண்டும். இதை அவர் மண்டையில் ஏற்றியவள் மனைவி சரோஜா. கல்யாணத்துக்கு முன்னால் அவரிடம் சித்தாளாக வேலை பார்த்தவள். தலையில் சாந்துச் சட்டியோடு ஏறும்போது வாய்விட்டு எண்ணுவாள். ஒருநாள் ஒரு வீட்டில் படி பன்னிரண்டில் நின்றுவிட்டது. மேஸ்திரி சமாளிக்கப் பார்த்தார். "மேல தளத்தையும் ஒரு படியாச் சேத்துக்கம்மா, சரியாப் போச்சு."

சரோஜா சட்டியை இறக்கி வைத்துவிட்டாள். "தளம் எப்படிங்க படியாவும்? அது ஏறி முடிச்சுட்டு நிக்கிற எடமுங்க. குடியிருக்கப் போறவங்க வயித்துல அடிக்காதீங்க."

மறுநாள் படியை உடைத்துத் திருத்தினார்கள். கட்டினால் இவளைத்தான் கட்டுவது என்று ரெங்கராஜ் அன்றைக்கே முடிவு செய்துவிட்டார்.

கட்டினார். மகள் ராதிகா பிறந்து நடை பழகுவதற்குள் விமானம் ஏறினார். இருபத்திரண்டு வருஷத்தில் லீவுக்குப் போய் சரோஜாவோடு இருந்த நாட்களையெல்லாம் சேர்த்துப் பார்த்தாலும் ஒன்றரை வருஷம் தேறாது. இங்கே எல்லோருக்கும் இதே கணக்குதான்.

போன வருஷம் ஜெபல் அலிக்கு அப்பால் ஒரு பொழுதுபோக்குப் பூங்காவில் அவருக்கு டூட்டி போட்டார்கள். அங்கே ஒரு கோட்டையும் அதற்குள் ஒரு தேவாலயமும் எழும்பிக்கொண்டிருந்தன. எண்ணூறு வருஷத்துக்கு முன்னால் டியூட்டானிக் சபை என்று ஒரு கூட்டம் இருந்ததாம். கையில் வாள், கழுத்தில் சிலுவை, பாதிச் சிப்பாய், பாதிச் சாமியார். பால்டிக் கடல் பக்கம் சிவப்புச் செங்கல்லில் கோட்டை கோட்டையாகக் கட்டித் தள்ளியவர்கள். அவற்றின் சாயலில் ஒன்று இந்தப் பாலைவனத்தில். சுவரும் படியும் கான்கிரீட். மேலே ஒட்டுகிற செங்கல் முகம் மட்டும், ஃபைபர் பலகையாக ஷார்ஜா தொழில்பேட்டையில் வார்த்து வரும்.

ஃபோர்மேன் சாதிக் பாட்ஷா கீழக்கரைக்காரர். நாலு எழுத்து படித்தவர். மதியச் சாப்பாட்டு நேரத்தில் வரைபடக் கட்டோடு வந்த குறிப்பைப் படித்துச் சொன்னார். "இந்தக் கோட்டைக்காரங்களுக்குக் கல்யாணம் கிடையாது. எல்லாருக்கும் ஒரே ஹால்ல கட்டிலு. பொட்டிக்குப் பூட்டுப் போடக் கூடாது. ஊர்லேந்து கடுதாசி வந்தாக்கூட பெரியவர்ட்ட பர்மிஷன் வாங்கித்தான் படிக்கணும்."

ரெங்கராஜுக்குக் கையாளாக இருந்த மணிகண்டன் விழுந்து விழுந்து சிரித்தான். "பாய், இது கோட்ட இல்ல பாய். நம்ம லேபர் கேம்பு!"

"அவங்க சத்தியம் பண்ணிட்டு வந்தவங்கப்பா. நாம விசா அடிச்சு வந்தவங்க."

எல்லோரும் சிரித்தார்கள். ரெங்கராஜும் சிரித்தார். அந்தச் சிரிப்புக்கு இப்போது தன்னைத்தானே திட்டிக்கொள்கிறார்.

ஏனென்றால் அடுத்த வாரமே ராதிகா போன் செய்தாள். அம்மாவுக்கு வயிற்றில் கட்டி. தஞ்சாவூர் ஆஸ்பத்திரியில் திறந்து பார்த்துவிட்டு அப்படியே மூடிவிட்டார்கள். "டாக்டரு நாள் சொல்ல மாட்டேங்கிறாருப்பா. நீ வந்துரு."

ஆபீசில் லீவு கேட்டார். பாஸ்போர்ட் அவர்கள் கையில். தேவாலய வாசலுக்கு ஏறுகிற படிக்கட்டு அவர் பொறுப்பு, அதை முடித்துக் கையெழுத்து வாங்கிவிட்டால் மறுநாளே போகலாம் என்றார்கள். இரண்டு வார வேலை. இருபதாம் தேதி வியாழக்கிழமைக்கு டிக்கெட் போட்டார்கள்.

வரைபடத்தை விரித்தார். படி பன்னிரண்டு. சீடர்கள் பன்னிரண்டு பேர் என்று டிசைனர் யோசித்து வைத்ததாம். கடைசிப் படி நஷ்டம். வேறு சமயமாக இருந்தால் என்ஜினியரிடம் கெஞ்சியிருப்பார். இப்போது இருந்தவர் புதுசு, எதற்கெடுத்தாலும் சுள்ளென்று விழுகிறவர். ஏதாவது கேட்கப் போய் லீவில் கை வைத்துவிட்டால்? அதற்காக, சரோஜா அங்கே உயிருக்குப் போராடிக்கொண்டு கிடக்கும்போது, சாமி வாசலில் நஷ்டத்தைக் கொண்டுபோய் நிறுத்துவதா? எந்தச் சாமியாக இருந்தால் என்ன? அவருக்குக் கை வரவில்லை. ஒவ்வொரு படியிலும் ஒரு விரற்கடைக்கும் குறைவாக உயரத்தைக் குறைத்தார். அதே உயரத்துக்குள் பதிமூன்று படி அழகாக உட்கார்ந்துவிட்டது. யாரும் எண்ணவில்லை. ஏறிப் பார்த்த மணிகண்டன்கூட, "ஏறுறதே தெரியலண்ணே, வழுக்கிட்டுப் போற மாதிரி இருக்கு" என்றான்.

அன்று சாயங்காலம் வீடியோவில் சரோஜாவிடம் காட்டினார். அவள் முகம் கைக்குட்டை அளவுக்குச் சுருங்கியிருந்தது.

"எத்தினி படி வச்சீங்க?"

"பதிமூணு. பிளான்ல பன்னண்டுதான். நாந்தான் ஒண்ணு ஏத்திட்டேன்."

அவள் சிரித்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அப்படி அவள் சிரித்ததில்லை என்று ராதிகா பின்னால் சொன்னாள். "சரியாச் செஞ்சீங்க. எனக்கு ஒண்ணும் ஆவாது, பாருங்க. வியாழக்கெழம வந்துருவீங்கல்ல?"

"வந்துருவேன் புள்ள."

திங்கட்கிழமை காலையில் ஷார்ஜாவிலிருந்து பலகைகள் வந்து இறங்கின. படிக்கட்டின் பக்கவாட்டில் ஒட்ட வேண்டியவை, படி படியாக வெட்டி வந்திருந்தன. பன்னிரண்டு வெட்டு. தூக்கி வைத்துப் பார்த்தார்கள். முதல் படிக்குப் பொருந்தியது. இரண்டாவதில் கொஞ்சம் தூக்கியது. மேலே போகப் போகப் பலகை ஒரு பக்கம், படி ஒரு பக்கம். சாதிக் பாட்ஷா படிகளை எண்ணினார். மறுபடி எண்ணினார். பிறகு ரெங்கராஜைப் பார்த்தார்.

"என்ன காரியம்ண்ணே பண்ணி வச்சிருக்கீங்க?"

ரெங்கராஜ் காரணத்தைச் சொன்னார். பாய்க்குப் புரிந்தது. என்ஜினியருக்கு யார் புரியவைப்பது? சாதிக் பாட்ஷா இந்தியில் பத்து நிமிஷம் மன்றாடினார். வேறு கொத்தனாரைப் போடலாம், இந்த மனுஷன் பெண்டாட்டி சாகக் கிடக்கிறாள் என்றுகூடச் சொல்லிப் பார்த்தார். என்ஜினியர் கடிகாரத்தைப் பார்த்தார். வேறு கொத்தனார் மாஃபி, கிடையவே கிடையாது. தப்புப் பண்ணினவனே உடைத்துக் கட்டட்டும், அதுவரைக்கும் லீவு கிடையாது. கலாஸ், பேச்சு முடிந்தது.

உடைக்க ஒரு நாள். மறுபடி வார்க்க இரண்டு நாள். தண்ணீர் விட்டு இறுக ஒரு வாரம். அதற்குப் பிறகுதான் பலகை. வியாழக்கிழமை விமானம் அவர் இல்லாமலே போயிற்று.

படிகளை அவரே உடைத்தார். மேலேயிருந்து தொடங்க வேண்டும், வேறு வழியில்லை. பதிமூன்றாவது படியில் உளியை வைத்துவிட்டு வெகுநேரம் குந்தியிருந்தார். மணிகண்டன் சுத்தியலை வாங்கப் போனான். அவர் கொடுக்கவில்லை.

"ஏன் வரலை?" என்று சரோஜா கேட்டபோது, டிக்கெட் தள்ளிப்போய்விட்டது என்றார். இன்னொரு நாள் அவளே கேட்டாள். பேச மூச்சு பத்தவில்லை. "அந்தப் படி... அத ஒண்ணும் பண்ணிரலயே?"

"இல்ல புள்ள. அப்படியேதான் இருக்கு."

இருபத்திரண்டு வருஷத்தில் அவளிடம் எத்தனையோ மறைத்திருக்கிறார். கேம்ப்பில் சோறு சரியில்லாததை, சாரத்திலிருந்து விழுந்ததை. நேருக்கு நேராகச் சொன்ன பொய் இது ஒன்றுதான்.

படிகள் இறுகிக்கொண்டிருந்த ஆறாம் நாள் காலையில், ஹோஸ்பைப்பில் தண்ணீர் அடித்துக்கொண்டிருந்தபோது ராதிகாவின் போன் வந்தது. கேட்டுவிட்டு அவர் பாட்டுக்குத் தண்ணீர் அடித்துக்கொண்டே இருந்தார். சாதிக் பாட்ஷா வந்துதான் குழாயைப் பிடுங்கினார். அன்றைக்கு மட்டும் பாஸ்போர்ட் ஒரு மணி நேரத்தில் வந்துவிட்டது. கையெழுத்தும் யாரும் கேட்கவில்லை. படியை மீதிநாள் இன்னொருத்தன் பார்த்துக்கொண்டான். அந்த இன்னொருத்தன் அதுவரைக்கும் எங்கே இருந்தான் என்று கேட்கத்தான் ஆளில்லை. ஊரில் சரோஜாவை ஐஸ் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். கண்ணாடி வழியாகத்தான் பார்த்தார்.

பதினாறாம் நாள் காரியம் முடிந்து ஒரு வாரத்தில் திரும்பி வந்துவிட்டார். காண்டிராக்ட் பாக்கி இருந்தது. ஊரில் உட்கார்ந்தாலும் அவள் எண்ணி ஏறின வீட்டுப் படியைத்தானே பார்த்துக்கொண்டிருக்க வேண்டும்.

பூங்கா திறந்து ஒரு மாதம் கழித்து, கோட்டைச் சுவரில் விரிசல் பூச அவரையும் மணிகண்டனையும் அனுப்பினார்கள். பகல் பதினோரு மணி. பிள்ளைகள் ஐஸ்கிரீமோடு ஓடிக்கொண்டிருந்தார்கள். வாசலில் வெள்ளை அங்கி, கறுப்புச் சிலுவையோடு ஒரு வீரன் பொம்மை நின்றது. ரெங்கராஜ் யாரையும் கேட்காமல் தேவாலயப் படிக்கட்டுக்குப் போனார்.

கீழ்ப்படிக்கு முன்னால் குறுக்கே ஒரு சங்கிலி. அதில் ஏறக் கூடாது என்று ஒரு படம் போட்ட அட்டை.

காவலுக்கு நின்ற நேபாளிப் பையனிடம் மணிகண்டன் இந்தியில் விசாரித்தான். மேலே உள்ளே ஒன்றுமே கிடையாதாம். வாசல் கதவு வெறும் ஃபைபர், திறக்காது. படிக்கட்டு போட்டோவுக்கு மட்டும்தான். திறந்த நாளிலிருந்து ஒருத்தரும் ஏறவில்லை, ஏறவும் விடமாட்டார்கள்.

ரெங்கராஜ் சங்கிலியைப் பிடித்துக்கொண்டு நின்றார். அவர் உதடு அசைந்தது. லாபம், நஷ்டம், லாபம், நஷ்டம். மணிகண்டனால் பார்த்துக்கொண்டு நிற்க முடியவில்லை. தோளில் கை வைத்தான்.

"அண்ணே, மேல தளத்தையும் சேத்து எண்ணுங்கண்ணே. பதிமூணு வருதுல்ல? லாபந்தாண்ணே."

ரெங்கராஜ் இல்லையென்று தலையை ஆட்டினார். கண்ணீரைத் துடைக்கக்கூட இல்லை.

"அவ தளத்தச் சேக்க மாட்டாடா."