குடமிளகாய் முளைத்த டப்பா

முப்பத்தோரு வருடமாக ஓலோமொட்ஸ் நகரில் ட்ராம் ஓட்டுகிறாள் மிலாடா. அந்த ஏப்ரல் வாரம் அவளுக்கு அதிகாலை முறை. நாலேகாலுக்குப் பணிமனையில் இருந்தாக வேண்டும். வெள்ளிக்கிழமை மதியம் நாலு மாடி ஏறி வந்தவள், காலணியை மட்டும் கழற்றிவிட்டு, கோட்டோடு நேராகக் கண்ணாடித் தொட்டியின் முன்னால் போய் நின்றாள்.

உள்ளே பெர்லா. ஏழு வயது சிறுத்தைப் பல்லி. வயிற்றுத் தோல் வழியே இரண்டு முட்டைகள் வெள்ளையாகத் தெரிந்தன. ஐந்து நாளாக அது புழுவைத் தொடவில்லை. விரித்திருந்த காகிதத்தை நாலு மூலையிலும் பிறாண்டிக் கிழித்திருந்தது. முட்டையிடுவதற்கென்று வைத்த ஈர டப்பாவுக்குள் மட்டும் போக மறுத்தது. மூடியில் வெட்டிய ஓட்டை வழியாகத் தலையை நுழைக்கும், நாக்கை ஒருமுறை நீட்டும், திரும்பிவிடும்.

போன வசந்தத்தில் இதேபோல் முட்டை உள்ளேயே அடைத்துக்கொண்டது. ஊசி போட்டுத்தான் வெளியே வந்தது. "இன்னொரு தடவை இப்படி ஆனா வெட்டித்தான் எடுக்கணும். இந்த வயசுல தாங்குமான்னு என்னால சொல்ல முடியாது" என்று கால்நடை மருத்துவர் அப்போதே சொல்லிவிட்டார். அந்தப் பயத்தில் மிலாடா இந்த வருடம் ஆண் பல்லியைப் பக்கத்தில்கூட விடவில்லை. முட்டை என்னவோ வந்துவிட்டது. பெண் பல்லிகள் இதற்கெல்லாம் ஆணுக்காகக் காத்திருப்பதில்லை.

புழுவில் சுண்ணாம்புச்சத்துப் பொடி தூவிக் கொடுத்தாள். டப்பாவைச் சூடான பக்கம் வைத்தாள், குளிர்ந்த பக்கம் வைத்தாள். இனி என்ன செய்வதென்று தெரியவில்லை. சோபாவில் உட்கார்ந்தாள். கால் இரண்டும் கனத்தன.

"நாலு மணிக்குக் கிளம்பினாத்தான் இருட்டறதுக்குள்ள தோட்டவீட்டுக்குப் போகலாம்" என்றான் அவள் கணவன் விலெம், ஜன்னலோரத்திலிருந்து. ஓய்வு பெற்றதிலிருந்து அவனுக்கு வாரம் என்பதே வெள்ளிக்கிழமையில்தான் தொடங்கியது.

"நீ போ. நான் வரல."

"பல்லிக்காகவா?"

"ஆமா, பல்லிக்காகத்தான்."

விலெம் ஜன்னல் பக்கம் திரும்பினான். ஜன்னல் விளிம்பு முழுக்க அவனுடைய நாற்று டப்பாக்கள். ஒன்றை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தான். "பதினாறு நாளாச்சு. தக்காளியெல்லாம் எழும்பி நிக்குது. இந்தக் குடமிளகாய் மட்டும் செத்த மாதிரி கிடக்குது. தினமும் தண்ணி ஊத்தறேன்."

மிலாடா எழுந்து போய், ஈரம் காய்ந்திருக்குமோ என்று பெர்லாவின் டப்பா மூடியைத் திறந்தாள். கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே நின்றாள்.

"விலெம், உன் மிளகாய் முளைச்சிருச்சு."

"எங்க?"

"இங்க. பெர்லாகிட்ட."

தென்னை நார்த்தூளின் நடுவே இரண்டு பச்சைத் தண்டுகள் கழுத்தை வளைத்து நின்றன. இதுவும் ஜன்னலில் விலெம் வைத்திருந்ததும் ஒரே மாதிரி ஸ்ட்ராபெர்ரி ஐஸ்கிரீம் டப்பாக்கள். இரண்டிலும் ஒரே கட்டியை ஊறவைத்து உதிர்த்த நார்த்தூள். திங்கட்கிழமை வேலை முடிந்து வந்த அலுப்பில், ஓட்டை போட்ட மூடியை அவள் தப்பான டப்பாவில் மாட்டி உள்ளே வைத்திருக்கிறாள்.

"இதுல என்ன கலந்த?"

"கோழி எரு. ஒரு பிடிதான். பின்ன எப்படி வளரும்?"

மிலாடா மோந்து பார்த்தாள். மனிதர்களின் மூக்கையே சுளிக்க வைக்கிற வாடை.

"அப்ப நாலு நாளா நான் தண்ணி ஊத்தினது பல்லியோட மண்ணுக்கா?" என்றான் விலெம். "ஒரு தடவைகூடத் தப்பான தண்டவாளத்துல போனதில்லைன்னு பெருமை அடிப்பியே, டிரைவரம்மா."

"தண்டவாளத்துக்கு மூடி கிடையாது."

அவன் ஊற்றியிருந்த தண்ணீரில் ஜன்னல் டப்பாவின் நார்த்தூள் சொதசொதவென்று கிடந்தது. அவள் பிடிபிடியாக எடுத்து, பிழிந்தால் சொட்டாத அளவுக்குப் பிழிந்து, மறுபடி டப்பாவில் உதிர்த்தாள். மூடியை மாட்டிச் சூடான பக்கம் வைத்தாள். பிறகு சீருடையோடு சோபாவில் சாய்ந்தாள்; கண் தானாக மூடிக்கொண்டது.

எழுப்பியது விலெம்தான். அவன் கிளம்பியிருக்கவில்லை. கையில் பன்றிக்கொழுப்பு தடவிய ரொட்டி.

"மணி ஆறாகுது. வால் மட்டும்தான் வெளிய தெரியுது. சத்தம் போடாத" என்றான், அவள் வாயே திறக்காதபோது.

சனிக்கிழமை காலை பெர்லா வெளியே படுத்திருந்தது. வயிறு ஒட்டி, இடுப்பு எலும்பு துருத்திக்கொண்டிருந்தது. மிலாடா விரலால் நார்த்தூளை விலக்கினாள். இரண்டு முட்டைகள், கருத்தரிக்காதவை, அழுத்தினால் பள்ளம் விழுந்தன. காகிதத்தில் சுருட்டிக் குப்பையில் போட்டாள். இடுக்கியில் நீட்டிய புழுவை இரண்டாவது முறையில் பெர்லா கவ்வியது.

நார்த்தூளை மாற்றி, டப்பாவின் பக்கவாட்டில் கறுப்பு மையால் 'பெர்லா' என்று எழுதினாள். மூன்று நான்கு வாரத்தில் அடுத்த ஜோடி முட்டை வரும். அந்த வாரமும் அவளுக்கு அதிகாலை முறைதான்.