வெண்மைக்கு வைத்த வேட்டி

என் தங்கை செஞ்சிக் கோட்டைப் பாறைகளை நீர்வண்ணத்தில் தீட்டியிருந்தாள். மழை ஓய்ந்த மாலையில் அப்பாறைகளில் படியும் நீலம் கலந்த சாம்பல் நிறம் அவள் கைக்கு வாய்த்திருந்தது. புதுச்சேரியில் நிகழவிருந்த கண்காட்சிக்கு முதலில் ஓவியத்தின் ஒளிப்படத்தை அனுப்ப வேண்டும். அன்றே கடைசி நாள். வெளியே மழை மூட்டம். ஆகவே, கூடத்து மஞ்சள் விளக்கின் ஒளியிலேயே படமெடுக்க நான் முன்வந்தேன்.

மஞ்சள் ஒளியில் வெண்மையும் மஞ்சளாகவே பதியும். எது வெள்ளை என்று ஒளிப்படக் கருவிக்கு முதலில் காட்டிவிட்டால், மற்ற நிறங்களை அது தானே திருத்திக்கொள்ளும். இதனை அவளுக்கு நெடுநேரம் விளக்கினேன். பின்பு, கொடியில் கிடந்த என் சலவை வேட்டியை ஓவியத்தின் முன் பிடித்து, அதையே வெள்ளை என்று கருவிக்குக் காட்டினேன். அதனினும் வெண்மையான பொருள் வீட்டில் இல்லை என்பது என் எண்ணம்.

திரையில் பாறைகள் பழுப்பேறித் தெரிந்தன.

“இன்னாண்ணா, பாறையெல்லாம் வறுத்த வேர்க்கடலையாட்டம் இருக்குது?” என்றாள்.

“கேமராவுல கோளாறு இல்லம்மா. நீ இந்த பல்பு வெளிச்சத்துலயே உக்காந்து வரஞ்ச. உனக்குத்தான் கலர் தெரியாம பூடுச்சி.”

அவள் ஓவியத்தையும் திரையையும் மாறிமாறிப் பார்த்தாள். பிறகு தூரிகையை நனைத்து, பாறைகளின் மேல் நீலத்தைப் படரவிட்டாள். நீர்வண்ணத்தில் இட்டதை மீண்டும் நீக்க இயலாது. அதை அறிந்தும் நான் தடுக்கவில்லை. என் சொல்லுக்கு அவள் இணங்கியது எனக்கு இனிமையாகவே இருந்தது.

வேட்டியை மடிக்கையில் அதன் நுனி ஓவியத்தாளின் வெற்று ஓரத்தருகே வந்தது. தாள் வெள்ளை, வேட்டி வெளிர்நீலம். பளிச்சென்று தெரிய வேண்டுமென்று ஒவ்வொரு சலவைக்கும் கூடுதலாக நீலம் போடச் சொல்பவன் நானே. அந்த நீலத்தைக் கருவி வெண்மையென்று நம்பி, ஓவியத்தின் நீலத்தையெல்லாம் கழித்திருந்தது.

சொன்னேன். அவள் வேட்டியைப் பார்த்துச் சிரித்துவிட்டாள்.

“ஏண்ணா, வேட்டிக்குப் போட்ட நீலம் பத்தாதுன்னு என் மலைக்கும் போட வச்சிட்டியே!”

ஏசியிருந்தால் தாங்கியிருப்பேன். தாளின் வெற்று ஓரத்தையே வெள்ளையெனக் காட்டி மறுபடி எடுத்தேன். பாறைகள் நீலம் கரைத்த சலவைத் தொட்டிக்குள் அமிழ்ந்தவை போலத் திரையில் நின்றன.

“இது என் பாறை இல்லண்ணா. அனுப்பாத,” என்றாள்.

ஓவியத்தைச் சுவர்ப்பக்கம் திருப்பி வைத்துவிட்டுத் தூரிகையைக் கழுவப் போனாள். கையில் வேட்டியோடு நான் கூடத்திலேயே நின்றிருந்தேன்.