பௌஷ்தா கத்தினார்

"கத்துனானா, இல்லையா?" என்று காவல் அதிகாரி என்னிடம் கேட்டார்.

எங்கள் ஃபெஸ் நகரத்துப் பழைய சந்துகளில் வண்டி நுழையாது. சுமையெல்லாம் கோவேறு கழுதை முதுகில்தான். வழுக்காமலிருக்க அவற்றின் குளம்பில் டயர் ரப்பரை வெட்டி அடிப்பார்கள், வருவது கேட்காது. அதனால் ஓட்டுகிறவர் "பாலாக்", அதாவது விலகு, என்று கத்த வேண்டும். கத்திய பிறகு இடித்தால் குற்றம் விலகாதவர்மேல். கத்தாமல் இடித்தால் உரிமமும் போகும், கழுதையும் போகும்.

பௌஷ்தா பதினான்கு வயதில் கழுதை ஓட்ட மலையிலிருந்து வந்தவர். முப்பது வருடம் கத்தினார். வழிச் சண்டைகளில் அவர் மூக்கு இரண்டு முறை உடைந்தது. அவரும் ஒருவனின் தாடையைப் பெயர்த்திருக்கிறார். போன குளிர்காலத்தில் தோல் பதனிடுகிறவன் ஒருவன் கொக்கியால் அவர் தொண்டையில் குத்தினான். உயிர் தப்பியது. குரல் தப்பவில்லை.

"ஒரு ஆளை வச்சுக்கங்கண்ணே. முன்னாடி நடந்து கத்தட்டும்" என்றேன்.

"என் கழுதைக்கு நான்தான்டா வாய்." காற்றுதான் வந்தது. உதட்டைப் பார்த்துப் புரிந்துகொண்டேன்.

அன்று காலை வழிகாட்டி ஜவாத் இருபது பயணிகளைச் சந்தின் முனையில் நிறுத்திப் பழைய கதவொன்றைக் காட்டிக்கொண்டிருந்தார். பள்ளியை விட்டுவிட்ட நான், வழிகாட்டி உரிமம் இல்லாமல், காசுக்காக அந்தக் கூட்டத்தின் வாலில் ஒட்டியிருந்தேன். எரிவாயு உருளைகளோடு பௌஷ்தாவின் கழுதை திரும்பியது. படம் எடுத்துக்கொண்டிருந்த பெண்ணின் முகம் சுவரில் மோதியது. பற்கள் கல்லில் சிதறின. மிரண்ட கழுதை உதைத்தது. உருளையொன்று கட்டறுந்து ஜவாத்தின் பாதத்தில் விழுந்தது.

"ஊமைப் பயலே, உனக்கெதுக்குடா கழுதை?" ஜவாத் கைத்தடியால் அடித்தார். பௌஷ்தா தலையால் அவர் வாயில் முட்டினார். கடைக்காரர்கள் பௌஷ்தாவின் இரண்டு கைகளையும் பிடித்துக்கொள்ள, ஜவாத் அந்தப் பழைய காயத்திலேயே குத்தினார். மறுபடியும் குத்தினார். நான் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"உன்னத்தான்டா கேக்குறேன். கத்துனானா?" என்றார் அதிகாரி.

ஜவாத் என்னையே பார்த்தார். என்னிடம் உரிமம் இல்லை என்று அவருக்குத் தெரியும்.

"காதுல விழலைங்க."

அது பொய்யில்லை. ஆனால் முனையில் பௌஷ்தா வாய் திறந்ததைப் பார்த்தேன். கழுத்து நரம்பு புடைத்ததைப் பார்த்தேன். அந்தப் பெண்ணின் கையைப் பிடித்து இழுக்க நேரம் இருந்தது. சத்தம் காதில் விழாமல் எங்கள் ஊர்க்காரனின் கால் நகராது. என் காலும் நகரவில்லை.

பௌஷ்தாவின் உரிமம் போனது. கழுதையை ஏலம் விட்டார்கள். இப்போது பௌஷ்தா ஈரத்தோலைத் தன் முதுகிலேயே சுமக்கிறார். முனை வந்ததும் இன்றும் வாயைத் திறக்கிறார். விலகாதவர்களை இடிக்கிறார், அடி வாங்குகிறார், திருப்பி அடிக்கிறார்.

எங்கள் ஊரைப் பார்க்க யாராவது கிளம்பினால் இதை அவர்களிடம் சொல்லிவிடுங்கள்: அந்தச் சந்தில் தோல் மூட்டையோடு ஒருவர் வாயைத் திறந்தபடி வந்தால், சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டாம். அவர் கத்திக்கொண்டுதான் வருகிறார்.