ஒரு ஏக்கர் சுற்றுக்கொடி

மண்வெட்டியும் கையுமாகவே திரிந்ததால் அவனுக்கு மண்வெட்டி என்றே பேர் விழுந்துவிட்டது. இருபது வருடமாக மருந்துக்கடைக்காரரின் ஒரு ஏக்கரில் குத்தகைக்கு வெங்காயம் போட்டுவந்தான். பாழாய்ப்போன சுற்றுக்கொடிக் களை எங்கிருந்து வந்ததோ, மூன்று வருடமாக வெங்காயத் தாளின் கழுத்தை நெரித்தது. போன தடவை பாதி விளைச்சல்கூடத் தேறவில்லை.

"அடுத்த நடவுக்குள்ள கொடி இல்லாம காட்டு. இல்லன்னா நிலத்தை விட்டுடுப்பா" என்றார் கடைக்காரர்.

மண்வெட்டியின் மனைவி ஒரு மூலையில் குந்தி உட்கார்ந்து, கொடியின் வெள்ளை வேரை முழம் முழமாகத் தோண்டி வெயிலில் காயப்போடுவாள். மூன்று வருடத்தில் அவள் மீட்டது ஐந்தே பாத்தி. ஆனால் அந்த ஐந்தில் கொடி தலைகாட்டவில்லை.

"இப்படி நோண்டினா பேரன் கல்யாணத்துக்குத்தான் முடியும்டி."

"முடியும்போது முடியட்டும். வேரை மட்டும் அறுத்துடாதய்யா."

டிராக்டர் ஓட்டும் மைத்துனன் சிரித்தான். "அக்கா பேச்சைக் கேட்டா ஊசியால கிணறு வெட்டவேண்டியதுதான் மாமா. டிராக்டர்ல ரொட்டவேட்டரை மாட்டி உழுதா அரை நாள்ல மண்ணை மாவாக்கிடறேன்."

மனைவி மகள் வீட்டுக்குப் போயிருந்த நாளில் மாவாக்கினார்கள். நிலம் சலித்து வைத்ததுபோல் கிடந்தது. மண்வெட்டி மீசையைத் தடவிக்கொண்டான்.

பன்னிரண்டாம் நாள், நறுக்குப்பட்ட வேர்த்துண்டு ஒவ்வொன்றும் தனித்தனிக் கொடியாக எழுந்தது. ரொட்டவேட்டர் இழுத்துப்போன துண்டுகள் அந்த ஐந்து பாத்தியையும் விட்டுவைக்கவில்லை. திரும்பி வந்த மனைவி நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை. பாத்தியைப் பார்த்தாள், கையிலிருந்த களைக்கொத்தை வரப்பில் போட்டாள், வீட்டைப் பார்க்க நடந்துவிட்டாள். அதற்குப் பிறகு அந்தப் பக்கமே வரவில்லை.

ஒன்றரை மாதம் கழித்து, ஒரு காலையில் கடைக்காரர் மருமகளோடு வந்தார். ஏக்கர் முழுக்கக் கொடி வெள்ளையும் ரோஜா நிறமுமாகப் புனல் புனலாகப் பூத்துக் கிடந்தது.

"எவ்வளவு அழகு மாமா! பால்கனித் தொட்டிக்கு ஒண்ணு எடுத்துக்கட்டா?"

"தாராளமா எடு. இவன் பூந்தோட்டம்தானே போட்டிருக்கான்" என்றார் அவர். பிறகு மண்வெட்டியிடம் திரும்பினார். "குடோன் கட்டலாம்னு இருக்கேன். சிமென்ட் தளம் போட்டா இந்தச் சனியன் செத்துடும்ல?"

பொய் சொல்ல அவனுக்கு வாய் வரவில்லை. "விரிசல் விட்டா வந்துடுங்க."

குத்தகையோடு கைக்கு வந்த மோட்டார் அறைச் சாவியை அரைஞாண் கயிற்றிலிருந்து அவிழ்த்துக் கொடுத்தான். அவர் அதைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

"திங்கக்கிழமை அஸ்திவாரம் தோண்டறோம். ஆள் பத்தலை. நீ வர்றியா?"

மண்வெட்டி அரைஞாண் கயிற்றை இறுக்கி முடிந்துகொண்டான்.

"எத்தனை மணிக்குங்க?"