கால் நீட்டி மிதிக்கும் வண்டி

சுடர்விழி பள்ளிக்கூடத்துச் சத்துணவு சமைப்பவள். நாளெல்லாம் அடுப்பு முன்னால் நின்று மரத்துப்போன கால்கள். செல்போனில் ஒரு நாள் அந்த வண்டியைப் பார்த்தாள். மூன்று சக்கரம், மல்லாக்கச் சாய்ந்து, கால்களை முன்னால் நீட்டி மிதிக்க வேண்டும். சந்தைக்கும் வயலுக்கும் போக அல்ல, சும்மா ஜாலியாக ஓட்ட. ஏன், அவள் சும்மா ஓட்டக் கூடாதா? கும்பகோணத்து வெல்டிங் பட்டறையில் விடாப்பிடியாக நின்று, பழைய சைக்கிள்களை வெட்டி ஒட்டி அதே மாதிரி ஒன்று செய்துகொண்டாள்.

முதல் நாள் மாலை வெண்ணாற்றங்கரையில் ஓட்டி வந்தபோது, டீக்கடையில் இருந்தவர்கள் எழுந்தே நின்றுவிட்டார்கள். பெரியப்பா அரசப்பன் நடுரோட்டில் வந்து மறித்தார். கால் முன்னே போக, மல்லாக்கக் கிடந்து போவது அந்த ஊரில் பிணம் மட்டும்தான்.

"பொம்பளைக்கு வெளையாட்டு வண்டி ஒரு கேடா? அதுவும் பாடையில போற மாதிரி! எறங்குடி!"

சுடர்விழி மிதியிலிருந்து காலை எடுக்கவில்லை.

"பாடைன்னே வச்சுக்குங்க பெரியப்பா. தூக்க நாலு பேரு வேணாம், நானே மிதிச்சுக்குவேன். ஆனா பாடையை எவனாச்சும் வழி மறிப்பானா? ஒதுங்குங்க!"