என்ன வேணும்?

'வேணும்' என்று நாம் சாதாரணமாகச் சொல்கிற சொல்தான் என் குடித்தனத்தைக் கெடுத்தது.

சைகோனில் ஜவுளிக்கடையில் வேலை பார்த்தபோது, லான் என்ற அந்த ஊர்ப் பெண்ணைப் பதிவுக் கல்யாணம் செய்துகொண்டேன். அப்பா இறந்ததும் நான் மட்டும் சொந்த ஊரான எருமப்பட்டிக்கு வந்தேன். காடு தோட்டத்தைப் பார்க்க ஆளில்லாமல் இங்கேயே தங்கும்படி ஆயிற்று. லான் கொஞ்ச நாள் வந்து இருந்துவிட்டுப் போகட்டும் என்று விசாவுக்கு எழுதிப் போட்டேன்.

விசாரிக்க ஓர் அதிகாரி வீட்டுக்கே வந்தார். நான் வாயைத் திறந்ததும், "நீங்க சும்மா இருங்க, அம்மா சொல்லட்டும்" என்றார். லானின் போட்டோவை நீட்டினார்.

"இந்தப் பொண்ணு உங்களுக்கு என்ன வேணும்?"

மருமகள் என்று ஒரு வார்த்தை போதும். அம்மா போட்டோவைக் கையில்கூட வாங்கவில்லை.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாமுங்க."

உறவில்லை என்று அவர் எழுதிக்கொண்டார். "என் சம்சாரமுங்க அவ!" என்று பதறினேன். "பெத்தவங்களே சொல்லியாச்சே" என்று சைக்கிளில் ஏறிப் போய்விட்டார்.

"அவர் கேட்டது வெளங்கலையாம்மா?"

"நல்லாத்தான் வெளங்குச்சு சாமி."

விசா கிடைக்கவில்லை. பிறகு அங்கே யுத்தம் வந்தது. லானின் கடிதங்களும் நின்றுபோயின.

சில வருஷம் கழித்து அம்மாவைச் சேலம் ஆசுபத்திரியில் சேர்த்தேன். பெயர் எழுதிய நர்சு கட்டிலைக் காட்டி, "இவங்க உங்களுக்கு என்ன வேணும்?" என்று கேட்டாள்.

அம்மா என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். பதில் சொல்ல எனக்குக் கொஞ்ச நேரம் ஆயிற்று.