தம்பியைக் கூட்டிவரப் போன கதை

என் தம்பி காளிராஜைப் பற்றி நல்லதாக ஏதாவது சொல்லச் சொன்னால், நன்றாகத் தூங்குவான் என்று சொல்லலாம். காதுக்குப் பக்கத்தில் சரவெடி வெடித்தாலும் புரண்டு படுப்பானே தவிர எழ மாட்டான். வேறு நல்லது எதுவும் எனக்குத் தெரிந்து அவனிடம் இல்லை. கூடப்பிறந்தவள் இப்படிப் பேசலாமா என்று ஆமத்தூரில் பலபேர் கேட்டுவிட்டார்கள். கூடப்பிறந்ததால்தான் பேசுகிறேன். ஊரான் பிள்ளை என்றால் தூ என்று துப்பிவிட்டு என் சோலியைப் பார்க்கப் போயிருப்பேன்.

ஒரு காலத்தில் அவன் பட்டாசுக் கம்பெனியில் மருந்து கலக்கிற ஆள். விடிந்ததும் பொடிகளைச் சலித்து, கையாலேயே பதமாகக் கலக்க வேண்டும். கொஞ்சம் அழுத்தித் தேய்த்தாலும் ஆளும் ஷெட்டும் மிஞ்சாது. நிதானமான ஆளாகப் பார்த்துத்தான் அந்த வேலையைக் கொடுப்பார்கள். அப்படிப் பார்த்து எடுத்த ஆள்தான் எங்கள் காளிராஜ்! போர்மேன் சங்கிலிமுத்து அண்ணாச்சிக்கு அன்றைக்குக் கண்ணில் என்ன கோளாறோ.

கம்பெனி கேட்டில் பீடியோ தீப்பெட்டியோ இருக்கிறதா என்று மடியை உதறிப் பார்த்துத்தான் எல்லோரையும் உள்ளே விடுவார்கள். இவன் மடி எப்போதும் சுத்தமாக இருக்கும். கண்மாய்க்கரையில் உட்கார்ந்து கஞ்சாவை இழுக்கிற வரைக்கும் இழுத்துவிட்டு வருகிறவன் மடியில் என்ன இருக்கப் போகிறது? கேட்டுக்காரர் மண்டைக்குள்ளா கையை விட்டுப் பார்ப்பார்? "சும்மா ஒரு ஜாலிக்குத்தான்க்கா. நெனச்சா நாளைக்கே விட்டுருவேன்" என்பான். அந்த நாளை ஆறு வருஷமாக வரவில்லை.

ஒருநாள் சங்கிலிமுத்து அண்ணாச்சி போய்ப் பார்த்தபோது, கலந்த மருந்தின் முன்னால் உட்கார்ந்து சல்லடையை மடியில் வைத்துக்கொண்டு தனக்குத்தானே சிரித்துக்கொண்டிருந்தானாம். அடுத்த ஷெட்டில் பெண்கள் திரி வைத்துக்கொண்டிருந்தார்கள். அதில் இவன் பெண்டாட்டி பாண்டிச்செல்வியும் ஒருத்தி. அண்ணாச்சி சத்தம் போடவே இல்லை. போட்டால் இவன் கை பதறிவிடும் என்று, பிள்ளையைக் கூப்பிடுவது போல மெதுவாகக் கூப்பிட்டு வெளியே கொண்டுவந்திருக்கிறார். அன்றோடு கலவை வேலை போனது. பெட்டி தூக்குகிற வேலையில் போட்டார்கள். அதற்கும் ஒழுங்காகப் போகவில்லை.

அதற்குப் பிறகு இந்தத் துரைக்குப் புது வியாதி வந்தது. தெருவில் இரண்டு பேர் பேசினால் தன்னைப் பற்றித்தான் பேசுகிறார்கள் என்பான். ரேடியோவில் தன் பெயரைச் சொல்கிறார்கள் என்று அதைத் தரையில் அடித்து உடைத்தான். பெற்ற மகள் மாரிசெல்விக்கு வயது என்ன என்று கேட்டால் மோட்டுவளையைப் பார்ப்பான். வீட்டில் உலை கொதித்தது பாண்டிச்செல்வி திரி வைத்த கூலியில்தான். அவளோ அவனை ஒரு வார்த்தை சொல்ல விட மாட்டாள். "அவுகளுக்கு ஒடம்பு சரியில்ல மதினி" என்பாள். உடம்புக்கு என்ன கேடு? திங்கிற சோறு செரித்துக்கொண்டுதானே இருந்தது.

2006 ஆடி மாதம், இருக்கன்குடி அம்மன் கோயில் திருவிழாக் கூட்டத்தில் விற்பதற்காக எவனோ கொடுத்த கஞ்சாவை வாங்கி வந்து, அரிசி டிரம்முக்குள் புதைத்து வைத்திருக்கிறான். பிள்ளைக்குச் சோறு பொங்குகிற அரிசிக்குள்! ஒரு வியாழக்கிழமை காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. இவன் கொல்லைச் சுவர் ஏறி ஓடிவிட்டான். வீட்டில் இருந்த பாண்டிச்செல்வியைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார்கள்.

நான் திருத்தங்கல் அச்சாபீஸில் காலண்டர் அடுக்கிக்கொண்டிருந்தேன். செய்தி கேட்டதும் போட்டது போட்டபடி ஸ்டேஷனுக்கு ஓடினேன். அங்கே அவள் தரையில் உட்கார்ந்திருந்தாள். அந்தச் சரக்கு தன்னுடையது என்று ஏற்கெனவே சொல்லியும் விட்டாள். சொல்ல வைத்தது யார் தெரியுமா? என்னைப் பெற்ற புண்ணியவதி வள்ளித்தாய்தான். எனக்கு முன்னாலேயே ஸ்டேஷனுக்கு வந்து, இவள் காதோடு காதாக ஓதியிருக்கிறாள்.

"பொம்பளைன்னா நாலு நாள்ல விட்டுருவாக. அவன் மேல கேஸ் விழுந்தா எந்தக் கம்பெனியிலயும் கேட்டுக்குள்ள சேக்க மாட்டாகடி. தீவாளி சீசன் வேற" என்று என்னிடமும் அதையே சொன்னாள் அம்மா. இவன் சீசனுக்குச் சம்பாதித்துக் கொட்டிவிட்டான்!

நான் ஏட்டையாவிடம் கேட்டேன். அவர் தராசைக் காட்டினார்.

"ஒரு கிலோவுக்குள்ள இருந்தா சின்ன கேஸும்மா. ஆறு மாசம், இல்லாட்டி அபராதம். இது ஒரு கிலோவத் தாண்டிருச்சு. மதுரைக் கோர்ட்டுக்குப் போகும். பத்து வருசம் வரைக்கும் போட முடியும். பொம்பளைக்குத் தனிச் சட்டமெல்லாம் கெடையாது."

இன்ஸ்பெக்டரும் மறைக்காமல் சொன்னார். "தகவல் வந்தது காளிராஜ் பேர்லதான். ஆளக் காணோம். இந்தப் பொண்ணு என்னதுதான்னு சாதிக்குது. சாயங்காலம் வரைக்கும் பாப்பேன். அப்புறம் இவளத்தான் ரிமாண்டுக்கு அனுப்பணும்."

பாண்டிச்செல்வியின் பக்கத்தில் உட்கார்ந்தேன். "பத்து வருசமாம்டி. புள்ளைக்குச் சடங்கு சுத்துற வயசு வந்துரும். உள்ளதச் சொல்லுடி."

"அவுக வருவாக மதினி. எனக்காக இல்லாட்டியும் புள்ளைக்காக வருவாக" என்றாள்.

அம்மாவைப் பிடித்து உலுக்கினேன். பஸ்ஸுக்குக் காசு கொடுத்து அவனை இருக்கன்குடிக்கு அனுப்பியதே அவள்தான். ஏட்டையாவிடம், "நாலு மணி பஸ்ல கூட்டிட்டு வாரேன், ஸ்டாப்புல ஆள் போட்டு வைங்க" என்று சொல்லிவிட்டுக் கிளம்பினேன்.

கோயிலுக்குப் பக்கத்து ஆற்று மணலில், வேப்பமரத்தடியில், மொட்டை போட்டுச் சந்தனம் பூசிப் படுத்திருந்தான். பக்திப் பழம்!

"ஏலே, ஒன் பொண்டாட்டிய போலீஸ் புடிச்சு வச்சிருக்குலே."

மெதுவாக எழுந்து உட்கார்ந்தான். "அவ ஒத்துக்கிட்டாளாக்கா?"

"ஒத்துக்கிட்டா."

"அப்பச் சரி. பொம்பளைய சீக்கிரம் விட்டுருவாக. நானும் ஆத்தாளுக்கு முடி குடுத்திருக்கேன்ல."

அந்த முகத்தில் அப்படி ஒரு நிம்மதி. செருப்பைக் கழற்றிவிட்டேன். கோயில் எல்லையாயிற்றே என்று மறுபடி மாட்டிக்கொண்டேன்.

"பத்து வருசம் போடுவாகளாம்லே!"

"பத்து வருசமா? அம்புட்டு வருசம்னா நான் எப்படிக்கா வர முடியும்?" என்றான். என்னவோ நான்தான் நியாயம் தெரியாதவள் போல. பிள்ளை அழுகிறதைச் சொன்னேன். பெண்டாட்டி தரையில் உட்கார்ந்திருப்பதைச் சொன்னேன். கெஞ்சவும் செய்தேன், அதை நினைத்தால்தான் எனக்கு இன்றைக்கும் பற்றிக்கொண்டு வருகிறது. அவனோ மணலைக் கிளறிக்கொண்டே, "யக்கா, கையில காசு இருக்கா? காலையிலருந்து ஒண்ணும் இழுக்கல. கை வெடவெடங்குது" என்றான்.

அப்போதுதான் எனக்குப் புத்தி வந்தது. கடைக்குப் போவது போலப் போய், மரத்துக்கு அந்தப் பக்கம் காய்ந்து கிடந்த வேப்பிலையைக் கசக்கி, பேப்பரில் இறுக்கி மடித்துப் பைக்குள் போட்டுக்கொண்டு வந்தேன்.

"போலீஸ் கண்ணுல படாம ஒரு பொட்டலம் கெடந்துச்சுலே. எடுத்துட்டு வந்திருக்கேன். இங்கன கூட்டமா இருக்கு, தர மாட்டேன். ஊருக்கு வா, தாரேன்" என்று பையைத் திறந்து முனையை மட்டும் காட்டினேன்.

எழுந்துவிட்டான். பிள்ளை என்றபோது எழாதவன், பத்து வருஷம் என்றபோது எழாதவன், வேட்டியில் மணலைத் தட்டிவிட்டு எனக்கு முன்னால் நடந்தான். பஸ்ஸில் என் பக்கத்திலேயே ஒட்டி உட்கார்ந்து, "பைய நான் வச்சுக்கிறட்டா யக்கா?" என்று நாலைந்து தடவை கேட்டான். சாத்தூரில் பஸ் மாறும்போதுகூட எங்கேயும் நகரவில்லை. அவ்வளவு அடக்கமாக அவனை நான் பார்த்ததே இல்லை.

எங்கள் ஸ்டாப் வந்ததும் பொட்டலத்தை எடுத்து அவன் கையில் கொடுத்தேன். அதைப் பார்த்துக்கொண்டே இறங்கினான். இரண்டு பக்கமும் போலீஸ்காரர்கள் பிடித்தபோதும் அதை விடவில்லை.

ஸ்டேஷனுக்குள் பாண்டிச்செல்வி அவனைப் பார்த்ததும் சட்டென்று எழுந்து நின்றாள். முகம் மலர்ந்துவிட்டது. "வந்துட்டாக மதினி" என்றாள் என்னிடம்.

"கையில என்னடா? பிரி" என்றார் இன்ஸ்பெக்டர்.

அவசர அவசரமாகப் பிரித்தான். மூக்குக்குக் கொண்டுபோய் மோந்து பார்த்தான். விரலால் கிளறினான். கைக்கெட்டும் தூரத்தில் நின்ற பெண்டாட்டியை அவன் ஏறிட்டும் பார்க்கவில்லை. என் பக்கம் திரும்பி, ஏமாந்த முகத்தோடு கேட்டான்.

"என்னக்கா இது, வெறும் வேப்பிலையாவுல்ல இருக்கு? இதுக்காக்கா நான் இம்புட்டுத் தூரம் வந்தேன்?"

பாண்டிச்செல்வி அந்தக் காகிதத்தைப் பார்த்தாள், சந்தனம் காய்ந்த மொட்டையைப் பார்த்தாள். பிறகு கண்ணைத் துடைத்துக்கொண்டு மேசைக்குப் பக்கத்தில் போய் நின்றாள்.

"ஐயா, காலையில நான் சொன்னது பொய்யி. அந்தச் சரக்கு என்னது இல்ல. இந்தா நிக்கான்ல, இவனது. எழுதிக்கோங்க."